விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, பழைய கொம்பியூட்டரை என்ன செய்வது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில். 2025 ஒக்டோபருக்குப் பிறகு கடைக்கு வருகிற பலரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று போனிலும் அதே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினுக்கு எத்தனை வயது என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்குள் யாருடைய காசு, யாருடைய பத்திரம் போய் வருகிறது என்று பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டவை.

விண்டோஸ் 10 நின்றுவிட்டதாம். என் கொம்பியூட்டர் இனி வேலை செய்யாதா?

வேலை செய்யும். நேற்று எப்படித் திறந்ததோ அப்படியே நாளையும் திறக்கும். வேர்ட் ஓடும், பாட்டு ஓடும், பிரின்டர் அடிக்கும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றது, மைக்ரோசொப்ட் மாதந்தோறும் இலவசமாக அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான். அந்தத் திகதியைக் காட்டி "உங்கள் மெஷின் செத்துப்போச்சு, புதுசு வாங்குங்கள்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் காசை எடுக்காதீர்கள். முழுவதையும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இது முதல் தடவையும் இல்லை. எக்ஸ்பி 2014 ஏப்ரலில் நின்றது, விண்டோஸ் 7 2020 ஜனவரியில் நின்றது, 8.1 2023 ஜனவரியில் நின்றது. ஆனால் அப்போதெல்லாம் பெரும்பாலான மெஷின்களில் அடுத்ததைப் போட்டுக்கொண்டு போக முடிந்தது. இந்தத் தடவை அடுத்ததான 11, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்களையும் வாசலிலேயே மறிக்கிறது. சனங்களுக்குக் குழப்பம் வருவது அதனால்தான்.

வேலை செய்கிறது என்றால் பிறகு என்ன பயம்?

எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அடைப்பார்கள். மைக்ரோசொப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்படி அடைத்து அனுப்புகிறது. விண்டோஸ் 10உம் 11உம் உள்ளே பெரும்பகுதி ஒரே சரக்கு. 11இல் ஒரு ஓட்டையை அடைத்து அனுப்பியதும், கெட்ட எண்ணம் உள்ளவன் எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பான். அதே ஓட்டை 10இலும் திறந்து கிடக்கிறதா என்று அடுத்துத் தேடுவான். அதாவது, அடைத்த செய்தியே அவனுக்கு வழி காட்டிவிடுகிறது. அதனால்தான் திருத்தம் நின்ற மெஷினின் ஆபத்து மாதத்துக்கு மாதம் கூடுகிறது. முதல் வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 மே மாதம் வொனாக்ரை என்ற ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. இரண்டு மாதம் இருந்தும் போடாமல் விட்ட மெஷின்களும், திருத்தமே வராத பழைய மெஷின்களும் மாட்டிக்கொண்டன. யாரும் எதையும் கிளிக் செய்யவே தேவைப்படவில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்ததே போதும். "நான் கண்ட கண்ட சைட்டுக்கெல்லாம் போவதில்லை" என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

என் மெஷினுக்கு 11 ஏறுமா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். மைக்ரோசொப்டே 'பிசி ஹெல்த் செக்' என்ற சின்ன செயலியை இலவசமாகத் தருகிறது. அதை ஓடவிட்டால் ஏறும், ஏறாது, ஏறாவிட்டால் எதனால் என்று சொல்லிவிடும். காரணத்தை வாசிக்காமல் மூடிவிடாதீர்கள், முக்கியமானதே அதுதான்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று தடுக்கும். ஒன்று புரொசெசர். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் போனால் பெயர் இருக்கும். ஐ5-7200 என்றால் கோட்டுக்குப் பின்னால் முதல் இலக்கம் 7, அது ஏழாம் தலைமுறை, ஏறாது. ஐ5-8250 என்றால் எட்டு, ஏறும். ஐ5-10210 என்றால் பத்தாம் தலைமுறை. இலக்கம் ஐந்தாக வந்தால் முதல் இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும், அதை ஒன்று என்று நினைத்துப் பயந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து பெரும்பாலும் சரி.

மற்றது டிபிஎம் 2.0. இரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற ஒரு சிறு பகுதி அது. தனிச் சில்லாக இருக்கும், அல்லது புரொசெசருக்குள்ளேயே இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எட்டாம், ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டொப் பலவற்றில் டிபிஎம் உள்ளே இருக்கும், ஆனால் பயோஸில், அதாவது விண்டோஸ் திறக்க முன் வருகிற அமைப்புப் பக்கத்தில், அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருப்பார்கள். அதை ஒன் செய்தால் முடிந்தது. ஒரு சதமும் செலவில்லை. சில மெஷின்களில் விண்டோஸ், மெஷினைத் திறக்கிற பழைய முறையான லெகஸியில் போடப்பட்டிருக்கும். அதை யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும், ஹார்ட் டிஸ்கை அழிக்காமலே மாற்றுகிற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பழக்கம் இல்லையென்றால் அந்த வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பயோஸில் கை வைக்க முன், டிஸ்க் பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் அடுத்த தடவை திறக்கும்போது 48 இலக்கத் திறப்பு எண் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதைக் கடதாசியில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மெயில் முகவரி மகன் போட்டது, மகன் கட்டாரில், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது என்ற நிலையில் என்னிடம் வந்தவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தப் பூட்டை உடைக்க முடியாது.

ஏழாம் தலைமுறை மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது? ஏன் ஒதுக்கினார்கள்?

மைக்ரோசொப்ட் சொல்லும் காரணம் பாதுகாப்பு. புதிய புரொசெசர்களில் சில காவல் ஏற்பாடுகள் வன்பொருளிலேயே இருக்கின்றன, 11 அவற்றை நம்பிக் கட்டப்பட்டது. பழைய பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் டிரைவர் (அந்தப் பாகத்தை இயக்குகிற சிறு மென்பொருள்) எழுதிச் சோதிப்பதற்கும் செலவுண்டு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் இங்கிருந்து பார்த்தால் வேறு கணக்கு. 2022இல் டொலர் 200 ரூபாயளவில் இருந்து சில மாதங்களிலேயே 360 வரை ஏறியது. லேப்டொப் விலையும் கூடவே ஏறியது, பிறகு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2017இல் நகையை அடகு வைத்து மகளுக்கு வாங்கிக் கொடுத்த மெஷின் இன்றும் ஓடுகிறது என்றால், அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் அடுத்த கேள்விகளுக்கு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்களாமே?

உண்மை. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், ஆனால் நீங்களாகப் பதிய வேண்டும். மெஷினில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கம் போனால் பதிவதற்கான இணைப்பு தெரியும். மூன்று வழி வைத்திருக்கிறார்கள்: உங்கள் அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்கில் ஒத்திசைய விட்டால் காசில்லை, அவர்களுடைய ரிவோர்ட்ஸ் புள்ளி 1000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், அல்லது 30 டொலர் கட்டலாம், நம் காசில் ஒன்பதாயிரம் ரூபாயளவில் வரும். எல்லாவற்றுக்கும் மைக்ரோசொப்ட் கணக்கு வேண்டும். ஒரு பதிவைப் பத்து மெஷின் வரை பாவிக்கலாம், ஆகவே ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

பிந்திப் பதிந்தாலும் தவறவிட்ட திருத்தங்கள் சேர்ந்தே வரும். முதல் வழி இருக்கும்போது காசு கட்டாதீர்கள். இதைச் செய்து தர யாராவது பெரிய தொகை கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஐந்து நிமிட வேலை.

இது தீர்வு இல்லை, தவணை. அடுத்தது என்ன என்று யோசிக்கவும் கொஞ்சம் காசு சேர்க்கவும் கிடைத்த நேரம்.

"எப்படியாவது 11 போட்டுத் தருகிறேன்" என்கிறார்கள். விடலாமா?

செய்ய முடியும் என்பது உண்மை. சோதனையைத் தாண்டிப் போடுகிற வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசொப்ட் பொறுப்பேற்கவில்லை. நடைமுறையில் மாதாந்தத் திருத்தங்கள் வருகின்றன. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக ஏறாது, ஒவ்வொரு வருடமும் கையால் போட வேண்டும். கோர் 2 டுவோ போன்ற மிகப் பழையவற்றில் 11இன் 24எச்2 பதிப்பு திறக்கவே திறக்காது, அந்தப் புரொசெசருக்குத் தெரியாத கட்டளைகளை அது கேட்கிறது.

ஆறாம், ஏழாம் தலைமுறை, எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்டது, எட்டு ஜிபி ரேம், வீட்டுப் பாவனை என்றால், இதையெல்லாம் விளங்கிக்கொண்டு போடுகிறவரை நான் தடுப்பதில்லை. நாலு ஜிபி ரேமும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் போட்டால் திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்துவிடலாம். அதற்குக் காசு வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஸ்லோவாக இருப்பது அப்டேட் நின்றதாலா?

இல்லை. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள், 256 ஜிபி தாராளம். பழைய மெஷினில் போடுகிற காசில் இதைப்போலப் பலன் தருவது வேறொன்றும் இல்லை. அடுத்தது ரேம். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிவிட்டதால், முதலில் எஸ்எஸ்டி, பிறகு பார்ப்போம் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சங்கதி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம், உப்புக் காற்று. திறக்காத மெஷின், கறுப்புத் திரை, பீப் சத்தம் என்று வந்தால் ரேமைக் கழற்றி அதன் மஞ்சள் விளிம்பை நல்ல அழிறப்பரால் மெதுவாக அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். "போர்டு போய்விட்டது" என்று சொல்லப்பட்டு வந்த எத்தனையோ மெஷின் இதற்கே எழும்பியிருக்கிறது.

எந்த சைட்டுக்குப் போனாலும் "இணைப்பு பாதுகாப்பில்லை" என்று வருகிறது. இதுவும் அதனாலா?

முதலில் திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். 2010 என்றோ 2015 என்றோ இருந்தால் போர்டில் உள்ள சின்ன வட்டப் பற்றரி முடிந்துவிட்டது. கரண்ட் போய்ப் போய் வருகிற இடங்களில் இது சகஜம். இணையத்தளங்களின் சான்றிதழுக்கு ஒரு காலவரை உண்டு. மெஷின் தன்னைப் பத்து வருடம் பின்னால் நினைத்துக்கொண்டால் எல்லாச் சான்றிதழும் அதற்குப் பிழையாகத்தான் படும். சிஆர் 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும். போட்டுவிட்டுத் திகதியைச் சரி செய்யுங்கள்.

திகதி சரியாக இருந்தும் வந்தால் பிரவுசர் பழையது. விண்டோஸ் 7இல் குரோம் 109ஓடு நின்றுவிட்டது. பயர்பொக்ஸின் 115 நீண்டகாலப் பதிப்புத்தான் அதற்குக் கடைசி.

நல்ல அன்டிவைரஸ் ஒன்று போட்டால் போதாதா?

உதவும், போதாது. விண்டோஸ் 10இல் கூடவே வருகிற டிபென்டர் என்ற அன்டிவைரஸுக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது, ஆகவே தனியாகக் காசு கொடுத்து வாங்கும் அவசரம் இல்லை. ஆனால் அன்டிவைரஸ் வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி. பின்சுவர் விழுந்து கிடந்தால் அவர் என்ன செய்வார்?

எங்கள் மெஷினில் இருப்பது கிராக் விண்டோஸ். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

திட்டுவதற்காகச் சொல்லவில்லை, நம் ஊரில் பலரிடம் இருப்பது அதுதான். வாங்கும்போதே அப்படித்தான் போட்டுத் தந்தார்கள். ஆனால் அந்தக் கிராக் செயலியை ஓடவிட முதலில் டிபென்டரை அணைக்கச் சொல்வார்கள். அணைத்ததைத் திரும்பப் போடுவதே இல்லை. அப்டேட்டையும் நிறுத்தி வைப்பார்கள். அப்படிப்பட்ட மெஷினுக்கு 2025 ஒக்டோபர் புதிதாக எதையும் மாற்றவில்லை, அது முன்பிருந்தே திறந்துதான் கிடக்கிறது. அதில் பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள். லைசென்ஸ் வாங்கக் காசில்லை என்றால் லினக்ஸ் பற்றிய அடுத்த பதிலை வாசியுங்கள். அது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இயங்குதளம், இலவசம், களவும் இல்லை.

லினக்ஸ் என்கிறீர்கள். எங்களால் முடியுமா?

பிரவுசர், வட்ஸ்அப் வெப், யூடியூப், சூம் வகுப்பு, கடிதம் அடிப்பது, பிடிஎஃப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் முடியும். நான் பெரும்பாலும் போட்டுக் கொடுப்பது லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. கீழே பட்டி, இடது மூலையில் மெனு, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. இரண்டு ஜிபி ரேமில் திறக்கும், நாலு இருந்தால் நிம்மதி. டிபிஎம் கேட்காது, தலைமுறை கேட்காது. ஆனால் 64-பிட் புரொசெசர் வேண்டும்.

போட முன் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பு சுமார் 3 ஜிபி, இரவு டேட்டாவில் இறக்குங்கள். 8 ஜிபி பென்ட்ரைவில் ஏற்றி அதிலிருந்தே மெஷினைத் திறக்கலாம். உள்ளே இருக்கிற விண்டோஸைத் தொடாமலே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பென்ட்ரைவைக் கழற்றினால் முன்பு இருந்தபடியே.

பிரின்டரைக் கட்டாயம் பாருங்கள். புதியவை பெரும்பாலும் தானாகவே சேரும். கடைகளில் நிறையப் பாவிக்கிற கெனன் எல்பிபி 2900 போன்றவற்றுக்குத் தனி டிரைவர் போட்டு மெனக்கெட வேண்டும்.

லிபரே ஒபிஸ் கூடவே வரும். வேர்ட் கோப்பைத் திறக்கும், ஆனால் அட்டவணையும் படமும் நிறைந்த ஆவணம் கொஞ்சம் இடம் மாறலாம். மற்றவர்களுக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

லினக்ஸில் தமிழ் அடிக்க முடியுமா? எங்கள் பழைய பாமினிக் கோப்புகள்?

யூனிகோட் தமிழ் நன்றாகவே அடிக்கலாம். தமிழ்99 இருக்கிறது. பாமினி விசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ரெங்கநாதன் என்ற விசைப்பலகையும் இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் பொதியைச் சேர்த்தால் பட்டியலில் வரும். கை பழகிய இடத்திலேயே எழுத்துகள் பெரும்பாலும் இருக்கும்.

பாமினி எழுத்துரு வேறு கதை. அது உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டால் பழைய ஆவணம் சரியாகவே தெரியும். ஆனால் இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு வேலை செய்யுங்கள் என்று மனதார கேட்கிறேன். கோயில் நிர்வாக சபைக் கூட்டறிக்கை, பள்ளிவாசல் கணக்கு, கிராம அபிவிருத்திச் சங்கப் பதிவு, ஊர் வரலாறு என்று இருபது வருடமாகப் பாமினியில் அடித்தவை எத்தனை வீடுகளில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத மெஷினில் அவை வெறும் கிறுக்கல், தேடினாலும் கிடைக்காது. மாற்றுகிற கருவிகள் இலவசமாகவே உண்டு. மெஷின் மாற்றும்போதே யூனிகோடுக்கும் மாற்றி, பழையதையும் அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு வேறொன்று வாங்கலாம். அந்தக் கூட்டறிக்கையைத் திரும்ப எழுத இப்போது ஆட்கள் இல்லை.

"தம்பி, நான் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7, பேஜ்மேக்கர். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான். என்ன செய்ய?"

அண்ணன், இந்தக் கேள்விக்குத்தான் நான் கூட நேரம் எடுப்பேன். ஏனென்றால் உங்கள் மெஷினில் இருப்பது உங்களுடையது மட்டும் இல்லை. ஊர்ச் சனத்தின் அடையாள அட்டை, பாஸ்போர்ட், பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் ஸ்கேன் ஆகி அதற்குள் கிடக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளையின் முழு விபரமும் டெஸ்க்டொப்பிலேயே இருக்கும். அந்தப் பிள்ளை உங்களை நம்பித்தான் கொடுத்தது.

பேஜ்மேக்கரை விடச் சொல்லவில்லை. அந்த மெஷினின் நெட் வயரைக் கழற்றுங்கள், வைஃபையையும் அணையுங்கள். அது வடிவமைக்கவும் அச்சடிக்கவும் மட்டும். மெயில், வட்ஸ்அப், ஒன்லைன் விண்ணப்பம், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் திருத்தம் கிடைக்கிற இன்னொரு மெஷின் வையுங்கள். பழைய லேப்டொப்பில் மின்ட் போட்டதே போதும். இரண்டுக்கும் நடுவே பென்ட்ரைவில் கொண்டுபோகலாம், ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்ட்ரைவை பேஜ்மேக்கர் மெஷினில் நேரே செருகாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் வைரஸ் பரவுகிற பெரிய வழி அதுதான். முதலில் மற்ற மெஷினில் திறந்து, தேவையான கோப்பை மட்டும் உங்கள் பென்ட்ரைவுக்கு மாற்றுங்கள்.

அப்புறம், அன்றன்றைக்கு ஸ்கேன் செய்ததைக் கடை பூட்டும்போது அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. இல்லாத கோப்பை யாரும் களவெடுக்க முடியாது.

மகள் ஏ.எல். படிக்கிறாள். புதுசு வாங்குவதா, பழசைத் திருத்துவதா?

பாடத்தைப் பொறுத்தது. ஐசிடி என்றாலும் பைதன் எந்தப் பழைய மெஷினிலும் ஓடும், லினக்ஸில் இன்னும் இலகு. கலை, வர்த்தகம், விஞ்ஞானம் என்றால் வகுப்பு வீடியோ பார்க்கவும் வினாத்தாள் இறக்கவும்தான் மெஷின், எஸ்எஸ்டி போட்ட ஐந்தாம் தலைமுறையும் போதும். பரீட்சை முடியும் வரை பொறுங்கள். வந்தாறுமூலை, ஒலுவில், மொரட்டுவை என்று எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவாள் என்று தெரிந்த பிறகு அந்தத் துறைக்கு ஏற்றதை வாங்குங்கள். இப்போது வாங்கினால் முதல் வருடப் படிப்பு தொடங்கும்போது அதுவும் பழையதாகிவிடும்.

செக்கன்ட் ஹேண்ட் வாங்குவதென்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். "ஐ7, ஐ7" என்று அழுத்திச் சொல்வார்கள். நான்காம் தலைமுறை ஐ7ஐ விட எட்டாம் தலைமுறை ஐ5 உங்களுக்கு நல்லது. காசு கொடுக்க முன் அபவுட் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய பழைய மெக்புக்?

அங்கும் இதே கதைதான். இன்டெல் சில்லு உள்ள மெக்களுக்கு 2025இல் வந்த மெக்ஓஎஸ் 26 டஹோதான் கடைசிப் பெரிய பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது, அதுவும் இன்டெல்லில் ஒரு சில மொடல்களுக்கு மட்டும். இனி அனுப்புகிறவரிடம் ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய போன்?

செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் திகதியைப் பாருங்கள். இரண்டு வருடம் பழையது என்றால் பேங்க் செயலியை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பாட்டுக் கேட்கவும் பேசவும் அது போதும்.

எங்கள் வாசிகசாலையில் பத்து மெஷின், எல்லாம் நன்கொடையாக வந்தவை. பூட்டி வைத்திருக்கிறோம்.

தயவுசெய்து பூட்டி வைக்காதீர்கள். உப்புக் காற்றில் ஓடாமல் கிடக்கிற மெஷின், ஓடுகிற மெஷினை விட வேகமாகக் கெடும். பத்தையும் திறந்து, ஒன்றின் ரேமை இன்னொன்றில் போட்டு, ஆறோ ஏழோ நல்ல மெஷின் ஆக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மின்ட் போடுங்கள். பிரவுசர் மட்டும் போதும் என்றால் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸும் இருக்கிறது, நாலு ஜிபி ரேம் கேட்கும். பிள்ளைகளில் ஒருவருக்காவது போடுவது எப்படி என்று பக்கத்தில் இருத்திக் காட்டுங்கள். அடுத்த தடவை உங்களுக்கு நான் தேவைப்படக் கூடாது.

எதைச் செய்வதற்கும் முதல் என்ன செய்ய வேண்டும்?

பிரதி எடுக்க வேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில் ஒருவரின் மெஷினில் விண்டோஸ் மாற்றிக் கொடுத்தேன். எல்லாம் டி டிரைவில் இருக்கிறது என்று அவர் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். காலமான தாயாரின் படங்கள் டெஸ்க்டொப்பில் இருந்திருக்கின்றன. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்காமல் நான் கை வைப்பதில்லை. உங்கள் மெஷினைத் திருத்துகிறவரிடமும் இதைக் கேளுங்கள்.

படங்களும் பத்திரங்களும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று கிளவுடில். வெளி டிஸ்க்கை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல் தட்டில், முடிந்தால் மேட்டு நிலத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வருகிற வயரையும் சேர்த்து.

இனி ஒன்றுக்குமே ஆகாது என்றால் எங்கே போடுவது?

முதலில் டிஸ்க்கைக் கழற்றுங்கள். விற்றாலும் சரி, பழைய இரும்புக்காரரிடம் போட்டாலும் சரி, டிஸ்க்கோடு கொடுக்காதீர்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் போதாது, திரும்ப எடுக்கலாம். மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால் கழற்ற முன் ரீசெட்டில் போய் எல்லாவற்றையும் அகற்று என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் தெரிவு செய்யுங்கள். நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிடுங்கள். ஓடாத டிஸ்க்கைத் துளை போட்டு உடைக்கலாம்.

வயரை எரித்துச் செம்பு எடுக்க வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்கு நஞ்சு. பழைய பெரிய மொனிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துக் கிணற்றடியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். வீங்கிய லேப்டொப் பற்றரி இருந்தால் அழுத்தாமல், குத்தாமல், வெயில் படாத இடத்தில் மண் போட்ட வாளியில் தனியாக வையுங்கள். ரேம், எஸ்எஸ்டி, நல்ல சார்ஜர், கீபோர்ட் இவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலேயே அது தேவைப்படுகிற இன்னொரு மெஷின் இருக்கும்.